சில மில்லிகிராம் சாம்பல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சார் போன் செய்தார். கல்லூரியில் எனக்கு இயற்பியல் எடுத்தவர். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, இப்போதும் "என்னப்பா, லேபுக்கு லீவா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சூட்டைப் பத்தி யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லட்டும். அந்த லுகானோ அறிக்கையில நிக்கல்-62 எப்படிப்பா 99 சதவீதம் ஆச்சு? நீ தினமும் மாஸ் ஸ்பெக் ஓட்டுறவன். அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

நிக்கல் தூளிலிருந்து அணுக்கரு வினையால் உபரி வெப்பம் எடுப்பதாகச் சொன்ன ஒரு கருவியைச் சோதித்து 2014-இல் வந்தது அந்த அறிக்கை. ஓடி முடிந்த தூளில் நிக்கலின் ஒரு வகையான நிக்கல்-62 மட்டும் மிஞ்சியிருந்தது என்றது. மாஸ் ஸ்பெக் என்பது அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் மெஷின். ஒன்றரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. போனில் கோர்வையாக வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சாரும் படிப்பார்.

நான் வேலை பார்ப்பது ஒரு சோதனைக்கூடத்தில். உலோகக் கலவை, தண்ணீர், மண் என்று வருகிற சாம்பிளில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வோம். நிக்கல் வாரத்தில் நாலு நாளாவது கைக்கு வரும். அதனால், குறை ஆற்றல் அணுக்கரு வினை என்று இப்போது சொல்லப்படுகிற, பழைய பெயரில் குளிர் இணைவு என்கிற, சூரியனுக்குள் இருக்கும் சூடு இல்லாமலே அணுக்கருவை மாற்றி ஆற்றல் எடுக்கப் பார்க்கிற அந்த ஆராய்ச்சியில் மற்றவர்கள் வெப்பக் கணக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும்போது என் கண் போவது ஐசோடோப்பு பக்கம்தான். ஒரே தனிமத்தில் நிறை மட்டும் வேறுபடுகிற அணு வகைகள்தான் ஐசோடோப்பு, பெயருக்குப் பின்னால் வரும் எண் அந்த நிறை. இதில் சாருக்கும் எனக்கும் ஒரே கருத்து. வெப்பத்தை அளப்பதில் எத்தனையோ இடத்தில் தவறு நுழையலாம். ஆனால் அணுக்கரு நிஜமாகவே மாறியிருந்தால் அது மிச்சமிருக்கும் தூளில் எழுதியிருக்கும், அதை எவராலும் அழிக்க முடியாது. அந்த எழுத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் இருவரும் பிரிகிறோம்.

கொஞ்சம் பின்கதை. 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மனும் போன்ஸும் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தது பலருக்கும் தெரியும்: பலேடியம் மின்முனை, கனநீர் (கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்), கணக்கில் வராத வெப்பம். நிக்கல் கதை அதற்குப் பின்னால் வந்த கிளை, நம் பக்கம் அதிகம் பேசப்படாதது. இத்தாலியில் சியனா பல்கலைக்கழகத்தின் பியான்டெல்லி, பொலோனியாவின் ஃபோகார்டி, ஹாபெல் என்கிற இன்னொருவர், மூவரும் 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நிக்கல் கம்பி, சுற்றிலும் சாதாரண ஹைட்ரஜன் வாயு, சூடேற்ற ஒரு காயில். உள்ளே கொடுத்த மின்சாரத்துக்கு மேல் சுமார் 44 வாட் 24 நாட்களுக்கு வந்தது என்றார்கள். பலேடியமும் விலை, கனநீரும் விலை. நிக்கலும் ஹைட்ரஜனும் அப்படி இல்லை. இது நிஜமென்றால் ஏழை நாடுகளின் மின்சாரப் பிரச்சினையே வேறு மாதிரி ஆகிவிடும் என்று சார் அப்போது வகுப்பிலேயே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆசை எனக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. 1996-இல் ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஒரு குழு அதே அமைப்பைத் தாங்களே செய்து பார்த்து, வெப்பநிலை ஏறுவது உண்மை, ஆனால் ஹைட்ரஜன் உள்ளே போனதும் சூடு பரவுகிற விதம் மாறுவதாலேயே அப்படித் தெரிகிறது, கூடுதல் ஆற்றல் எதுவும் இல்லை என்று எழுதியது. விஷயம் அமுங்கிப் போனது.

பிறகு 2011 ஜனவரியில் பொலோனியாவில் ஆண்ட்ரியா ரோஸ்ஸி என்ற இத்தாலியத் தொழில்முனைவோர், அதே ஃபோகார்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஈ-கேட் என்ற கருவியைக் காட்டினார். நிக்கல் தூள், ஹைட்ரஜன், வெளியே சொல்லாத ஒரு ஊக்கி, கிலோவாட் கணக்கில் வெப்பம். அடுத்த மாதமே, பிப்ரவரி 2011-இல், இந்தத் துறையின் 16-ஆவது சர்வதேச மாநாடு சென்னையில் நடந்தது. சார் பார்வையாளராகப் போயிருந்தார். காபி இடைவேளையில் எல்லோரும் ரோஸ்ஸியைப் பற்றியே பேசினார்கள் என்று வந்து சொன்னார். நம் நாட்டிலும் இது புதிதில்லை. 1989-லேயே டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி. கே. ஐயங்கார், எம். ஸ்ரீனிவாசன் போன்றவர்கள் சோதனைகள் செய்து, அணுக்கரு வினையின் அடையாளமாக, ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான ட்ரிட்டியம் கண்டதாக அறிவித்தார்கள். சார் இந்த விஷயத்தை விடாமல் பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம். அணுவைப் பற்றி நன்கு அறிந்தவர்கள், நியூட்ரான் எண்ணுவதே தொழிலாக இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பார்.

சரி, நிக்கலுக்கு வருவோம்.

இயற்கையில் நிக்கலுக்கு ஐந்து நிலையான ஐசோடோப்புகள். 58 என்பது 68.08 சதவீதம், 60 என்பது 26.22, 61 வெறும் 1.14, 62 என்பது 3.63, 64 என்பது 0.93. கனடாச் சுரங்கத்து நிக்கலானாலும் ரஷ்யாவில் நோரில்ஸ்க் நிக்கலானாலும், நல்ல எவர்சில்வர் டம்ளரில் கலந்திருக்கும் 8 சதவீத நிக்கலானாலும், சாதாரண மெஷின் பார்க்கக்கூடிய அளவில் இந்த விகிதம் மாறாது. வேதிவினையால் இதைக் கலைக்க முடியாது. உருக்கலாம், அமிலத்தில் கரைக்கலாம், மின்முலாம் பூசலாம், விகிதம் அப்படியே நிற்கும். அதனால்தான் இந்த ஐந்து எண்ணும் எனக்கு ஒரு ஆளின் கைரேகை மாதிரி.

ரோஸ்ஸியும் ஃபோகார்டியும் முதலில் சொன்ன விளக்கம், ஹைட்ரஜன் கருவான புரோட்டான் நிக்கல் கருவுக்குள் புகுந்து செம்பாக மாறுகிறது என்பது. நிக்கலில் 28 புரோட்டான். வருகிற புரோட்டானை அது தள்ளும். அந்தத் தடையின் உயரம் பல மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அறை வெப்பநிலையில் ஒரு துகளிடம் இருப்பது ஏறக்குறைய 0.025 எலக்ட்ரான்வோல்ட், 1400 டிகிரிக்குச் சூடாக்கினாலும் 0.15-ஐத் தொடாது. சார் இதற்கு "உலோகத்துக்குள்ள நடக்கிறது வெற்றிடத்தில நடக்கிற மாதிரி இருக்கணும்னு யார் சொன்னா?" என்பார். சரி, தடையை எப்படியோ தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அதன் பிறகு என்ன ஆகும் என்று மட்டும் பார்ப்போம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

நிக்கல்-58 ஒரு புரோட்டானை வாங்கினால் செம்பு-59. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், ஒன்றரை நிமிடம்கூட இல்லை, 81 விநாடி. 60 வாங்கினால் செம்பு-61, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 61 வாங்கினால் செம்பு-62, பத்து நிமிடத்துக்குள். இவை பெரும்பாலும் பாசிட்ரானை (நேர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானை) உமிழ்ந்து சிதைபவை, பாசிட்ரான் எங்கே எலக்ட்ரானைச் சந்தித்தாலும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிர் ஜோடியாகக் கிளம்பும். 62-உம் 64-உம் மட்டும்தான் நேராக நிலையான செம்புக்குப் போகும், 63-க்கும் 65-க்கும். இப்போது ஒரு கிலோவாட் வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வினைக்கு 6 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் என்று தாராளமாக வைத்தாலும் விநாடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 15 சைபர் போட்ட எண்ணிக்கையில் வினை நடக்க வேண்டும். நிக்கலில் நூற்றுக்கு 95 பங்கு 58, 60, 61. அத்தனை பாசிட்ரான் உமிழ்ந்தால் அந்த அறைக்குள் நின்று யாரும் கைகுலுக்கிப் படம் எடுத்திருக்க முடியாது. கருவியை அணைத்தபின்கூட செம்பு-61 மணிக்கணக்கில் கதிர் விட்டுக்கொண்டிருக்கும். பொலோனியாவில் அளந்தவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு தவறான வாதத்தையும் வைத்தேன், சார் பிடித்துவிட்டார், அதையும் சொல்லியாக வேண்டும். நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்கான பிணைப்பு ஆற்றல், அதாவது கருவில் அதைப் பிடித்துவைத்திருக்கும் ஆற்றல், உச்சமாக இருப்பது நிக்கல்-62-க்குத்தான், 8.79 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட். இரும்பு-56 என்று பல பாடநூலில் இருக்கும், உண்மையில் 62 ஒரு நூலிழை மேலே. ஆகவே நிக்கல்-62-ஐத் தாண்டிப் போனால் ஆற்றல் வராது, செலவாகும் என்றேன். இதை எதிர்ப்பாளர்கள் நிறையப் பேர் சொல்வார்கள். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தனியா வர்ற புரோட்டானுக்குப் பிணைப்பு ஆற்றல் எவ்வளவுப்பா?" என்றார். பூஜ்யம். நிறைகளைக் கூட்டிக் கழித்தால் நிக்கல்-62 ஒரு புரோட்டானைப் பிடித்துச் செம்பு-63 ஆகும்போது 6.12 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் வெளியேதான் வரும். சராசரி உச்சத்தில் இருப்பதும், அடுத்த ஒன்றைச் சேர்த்தால் லாபமா நஷ்டமா என்பதும் வேறு வேறு கேள்வி. சார் சொன்னது சரி. அந்த வாதத்தை நான் இனி எடுக்க மாட்டேன்.

ஆனால் செம்புக் கணக்கில் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. 2011-இல் ஸ்வீடனைச் சேர்ந்த குல்லாண்டரும் எஸ்ஸெனும், இருவரும் இயற்பியலாளர்கள், பொலோனியா போய்ப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் ஓடியதாகச் சொல்லி ரோஸ்ஸி கொடுத்த பயன்படுத்திய தூளை ஸ்வீடனில் சோதித்ததில் சுமார் 10 சதவீதம் செம்பும் 11 சதவீதம் இரும்பும் இருந்தன. முதல் செய்தியைப் படித்தபோது எனக்கே புல்லரித்தது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நேராக நிலையான செம்பாக மாறக்கூடிய 62-ஐயும் 64-ஐயும் கூட்டினால் 3.63, 0.93, ஆக மொத்தம் 4.56 சதவீதம். இரண்டும் கடைசி அணு வரை தீர்ந்தாலும் 10 சதவீதம் செம்பு வர வழியில்லை. மிச்சம் 58-இலிருந்து படிப்படியாக ஏறி வந்தது என்றால் வழியில் நிக்கல்-59 குவிந்திருக்க வேண்டும், அது பல்லாயிரம் ஆண்டு அரை ஆயுள் கொண்டது, காணாமல் போகாது. அதற்கும் மேலே ஒன்று: அந்தச் செம்பின் ஐசோடோப்பு விகிதம், இயற்கைச் செம்பின் விகிதமாகவே இருந்தது. 63 என்பது 69, 65 என்பது 31. நிக்கலிலிருந்து பிறந்த செம்புக்கு, மின்கம்பியில் இருக்கும் செம்பின் விகிதம் தற்செயலாக அமைய வேண்டிய காரணமே இல்லை.  அந்தச் செம்பு வெளியிலிருந்து வந்து சேர்ந்த செம்பு. இதை 2011-லேயே கையில் வைத்துக்கொண்டு எப்படி இன்னும் பல வருடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

இப்போது லுகானோ. சாரின் கேள்வியே இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2014 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் இத்தாலிய, ஸ்வீடிஷ் ஆராய்ச்சியாளர்கள் ஆறு பேர் ரோஸ்ஸியின் புதிய கருவியை 32 நாள் ஓட்டினார்கள். அலுமினாக் குழாய், உள்ளே ஒரு கிராம் தூள்: நிக்கலும் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடும். அக்டோபரில் அறிக்கை வந்தது. கொடுத்ததைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பம், உபரி மட்டும் 1.5 மெகாவாட்-மணி. நம் கணக்கில் 1500 யூனிட், ஒரு கிராம் தூளிலிருந்து. அதைவிடப் பெரிய செய்தி தூளின் அட்டவணை. போடும்போது நிக்கல் இயற்கை விகிதம். எடுக்கும்போது 62 மட்டும் 99 சதவீதத்தை ஒட்டி, 58, 60, 61, 64 எல்லாம் ஏறக்குறைய இல்லை. லித்தியத்தில் இயற்கையில் 7 என்பது 92 சதவீதம், ஓடி முடிந்தபின் எடுத்த தூளில், அதாவது சாம்பலில், தலைகீழ்: மேற்பரப்பைச் சுரண்டிப் பார்க்கும் சிம்ஸ் முறையில் லித்தியம்-6 92 சதவீதம், அமிலத்தில் கரைத்துப் பார்க்கும் ஐசிபி-எம்எஸ் முறையில் 57.5.

சார் இந்த அட்டவணையை அச்செடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

போன வாரம் வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு லேபிலேயே இருந்து ஒரு காரியம் செய்தேன். அறிக்கையில் சோதிக்கப்பட்ட சாம்பல் சில மில்லிகிராம்தான். அது எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. தூய நிக்கல் தூள் புட்டியைத் திறந்து, தராசில் பட்டர் பேப்பர் வைத்து, ஸ்பேட்டுலா நுனியால் தட்டித் தட்டி 2 மில்லிகிராம் நிறுத்தேன். ஒரு கடுகை விடச் சின்னது. கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி, மூச்சு விட்டால் பறந்துவிடும். நீர்த்த நைட்ரிக் ஆசிட் ஊற்றி லேசாகச் சூடு காட்டினேன். சின்னச் சின்னக் குமிழ், மேலே ஒரு நூல் மாதிரிப் பழுப்புப் புகை, ஐந்து நிமிடத்தில் தூள் போய் வெளிறிய பச்சைத் தண்ணீர். பல மடங்கு நீர்த்து மெஷினில் கொடுத்தேன். 60-க்கும் 58-க்கும் உள்ள விகிதம் 0.385 வர வேண்டும், அதற்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் அதே கரைசலில் வேண்டுமென்றே கொஞ்சம் இரும்பும் துத்தநாகமும் சேர்த்து ஓட்டினேன். இரும்பிலும் 58 நிறையுள்ளது கொஞ்சம் உண்டு, துத்தநாகத்தில் ஏறக்குறைய பாதி 64. இரண்டு இடத்திலும் எண் ஏறியது. நிறை மட்டும் தெரிந்த மெஷினுக்கு 64-இல் நிற்பது நிக்கலா துத்தநாகமா என்று தெரியாது. உப்பான போர்வெல் தண்ணீர் வரும்போது எங்களுக்கு இது அன்றாடப் பாடு: ஆர்கானும் சோடியமும் ஒட்டிக்கொண்டு 63-இல் வந்து நிற்கும், செம்பு இருப்பதாகக் காட்டும், 65-ஐயும் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இன்னொன்று, மெஷின் வாயிலில் அயனிகள் நுழைகிற சிறு கூம்பு, நாங்கள் கோன் என்போம், அதுவே பெரும்பாலும் நிக்கலால் ஆனது. நிக்கலை அளக்க நிக்கல் வாசல். பிளாங்க் (சாம்பிள் சேர்க்காத வெற்றுக் கரைசல்) ஓட்டிக் கழிக்காமல் கொடுத்த எண்ணை நான் நம்ப மாட்டேன்.

ஆனால், சார், இதையெல்லாம் செய்து பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அந்த அளவீடு சரி. குறுக்கீடு எதுவானாலும் ஒரு இடத்தில் எண்ணைக் கூட்டும், இருக்கிற 58-ஐ இல்லாமல் ஆக்காது. 68 சதவீதமாக இருக்க வேண்டியது காணோம் என்றால் அந்தத் தூளில் அது இல்லை. இரண்டு வெவ்வேறு முறையும் 62-ஐ ஒரே மாதிரிச் சொல்கின்றன. அவர்கள் கையில் கிடைத்தது நிக்கல்-62-தான். மெஷின் ஓட்டியவர்கள் தப்பு செய்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கிறவர்களோடு நான் இல்லை.

கேள்வி, அது அந்தக் குழாய்க்குள்தான் பிறந்ததா என்பது. செறிவூட்டிய நிக்கல்-62 விலைக்குக் கிடைக்கிற பொருள், ஐசோடோப்பு விற்பவர்கள் பட்டியலில் இருக்கும். ஆகவே சாம்பலில் நிக்கல்-62 இருப்பது மட்டுமே சாட்சி ஆகாது. தூள் போன பாதைதான் சாட்சி. அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது, தூளைப் போடும்போதும் எடுக்கும்போதும் ரோஸ்ஸி உடனிருந்து அந்த வேலைகளில் பங்கெடுத்தார் என்று. நான் யார் மேலும் பழி போடவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரமும் இல்லை. என் மேசைக்கு வருகிற சாம்பிளில் சீல் கலைந்திருந்தால், கொண்டுவந்தவர் எவ்வளவு நல்லவரானாலும், அதைத் திருப்பி அனுப்புவேன். விற்பவர் முன்னிலையில், விற்பவர் கை பட்ட சாம்பிளை வைத்து விற்பவர் பொருளுக்குச் சான்றிதழ் தர மாட்டோம். ஒரு தொட்டித் தண்ணீருக்கே அந்த விதி இருக்கும்போது அணுக்கரு இயற்பியலைத் திருத்தி எழுதப்போகிற சில மில்லிகிராமுக்கு அது வேண்டாமா?

பாதையை விடுங்கள், தூளே ஒன்று சொல்கிறது. 32 நாளும் கருவி ஏறக்குறைய ஒரே நிதானத்தில் வெப்பம் கொடுத்ததாக அறிக்கை. நிக்கல்தான் எரிபொருள் என்றால், கடைசி நாளில் 99 சதவீதம் தீர்ந்துபோன தூள் முதல் நாள் கொடுத்த அதே வெப்பத்தை எப்படிக் கொடுக்கும்? விறகு தீரத் தீர அடுப்பு தணியத்தான் செய்யும். சரியாகத் தீர்ந்த அன்றைக்கே தற்செயலாக அணைத்தார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சார் இதற்கு நியூட்ரான் வழியாகப் பதில் சொன்னார். 2006-இல் விடோம், லார்சன் இருவரும் வெளியிட்ட கருத்து: ஹைட்ரஜன் ஏறிய உலோகப் பரப்பில் எலக்ட்ரான் கனத்துப்போய் புரோட்டானோடு சேர்ந்து மிக மெதுவான நியூட்ரான் ஆகிறது, நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் தடையே கிடையாது. 58-லிருந்து நாலு நியூட்ரான் வாங்கினால் 62. அழகான யோசனை, மறுக்கவில்லை. அந்த எலக்ட்ரானுக்குக் கூடுதலாக 0.78 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் எங்கிருந்து வரும் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, நியூட்ரான் கிடைத்தது என்றே எடுத்துக்கொண்டு பார்த்தேன். நிக்கலின் ஐந்து நிலையான ஐசோடோப்பில் மெதுவான நியூட்ரானை அதிகம் விழுங்குவது எது தெரியுமா? 62-தான். 58-ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நியூட்ரான் தாராளமாக உலவுகிற இடத்தில் எல்லோரும் 62-க்கு வந்து அங்கேயே நின்றுவிட மாட்டார்கள், 62 முதலில் 63-க்குப் போகும். நிக்கல்-63 ஒளிந்துகொள்கிற ஆள் இல்லை. நூறு ஆண்டு அரை ஆயுள், பீட்டா கதிர் விடும். எங்கள் பக்கத்து அறையில் காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கிற கேஸ் குரோமட்டோகிராஃப் இருக்கிறது, அதன் டிடெக்டருக்குள் இருப்பது நிக்கல்-63 பூசிய ஒரு சின்னத் தகடு. மேலே மஞ்சள் நிறத்தில் கதிர்வீச்சு ஸ்டிக்கர், யாரும் திறக்கக் கூடாது. லுகானோச் சாம்பலில் அப்படி 63 குவிந்திருந்தால் 62 எப்படி 99 சதவீதமாக நிற்கும்? 64-இல் இருந்ததும் எங்கே போனது? நியூட்ரான் சேர்த்தால் எண் ஏறும், 64 இறங்கி 62 ஆகாது. கருவியைச் சுற்றிக் கதிர் அளந்தவர்களுக்கும் பின்னணி அளவுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

வெப்பக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதை மற்றவர்கள் நன்றாக அலசிவிட்டார்கள். சுருக்கம் இது: வெப்பக் கேமராவால் குழாயின் வெப்பநிலையைப் பார்த்தார்கள். கேமரா பார்க்கும் அகச்சிவப்புப் பட்டையில் அலுமினாவின் உமிழ்திறன் (முழுமையாக ஒளிர்கிற பொருளை 1 என்று வைத்து, இது எவ்வளவு ஒளிர்கிறது என்கிற எண்) 0.9-க்கு மேல், எல்லா அலைநீளத்துக்கும் சேர்த்த சராசரி அந்தச் சூட்டில் 0.4-ஐ ஒட்டி. சராசரியைக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேமரா, குறைவாக உமிழும் பொருள் இவ்வளவு ஒளிர்கிறதே, ரொம்பச் சூடாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. வெப்பக் கதிர்வீச்சு வெப்பநிலையின் நாலாம் அடுக்கில் ஏறுவதால் சின்னத் தப்பு பெரிய உபரியாக ஊதிப்போனது. தூள் போடாத வெற்றுக் குழாயை அதே மின்சாரத்தில் ஓட்டி ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வெற்றுக் குழாயைக் குறைந்த மின்சாரத்தில் மட்டும்தான் ஓட்டினார்கள். எனக்கு இது ரொம்ப வலிக்கிறது. பிளாங்க் ஓட்டு, பிளாங்க் ஓட்டு என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிற ஒரே விஷயம் அது.

பின்னால் நடந்தவை பலருக்கும் தெரியும். ரோஸ்ஸிக்குப் பணம் கொடுத்த இண்டஸ்ட்ரியல் ஹீட் நிறுவனத்தின் மேல் அவர் 2016-இல் ஃபுளோரிடாவில் 89 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 2017 ஜூலையில் சமரசமாக முடிந்தது. கூகுள் 2015 முதல் பணம் கொடுத்து ஒரு குழுவை வைத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்க்கச் சொன்னது. அவர்கள் நிக்கல், ஹைட்ரஜன், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு சேர்க்கையையும் உயர் வெப்பக் கலோரிமீட்டர் (வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) கட்டி நூற்றுக்கணக்கான தடவை பார்த்து, உபரி வெப்பம் ஒன்றிலும் இல்லை என்று 2019 மே மாதம் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய தொனி. கேலி கிடையாது. ஹைட்ரஜனை உலோகத்துக்குள் நெருக்கி ஏற்றுவது எவ்வளவு கஷ்டம், அதை எப்படி அளப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, இந்தப் பகுதியில் இன்னும் வேலை இருக்கிறது என்கிறார்கள்.

நானும் அதைத்தான் சாரிடம் சொன்னேன். நிக்கலையும் ஹைட்ரஜனையும் மூடிவைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாராவது செய்வதானால் இப்படிச் செய்யட்டும். இயற்கை நிக்கலைப் போடாதீர்கள். செறிவூட்டிய 64-ஐயோ 61-ஐயோ போடுங்கள். விலை கண்ணைக் கட்டும், ஆனால் ஒரு கிராம்தானே. போட்ட தூள் எது என்று கருவியைச் செய்தவருக்கே தெரிய வேண்டாம். தூளை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கைச் சீல் வைத்து மூன்றாம் ஆளிடம் கொடுங்கள், ஒரு பங்கைக் கருவியில் போடுங்கள், ஒரு பங்கை ஹைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் நிரப்பிய அதே மாதிரிக் குழாயில் அதே சூட்டில் அதே நாள் கணக்கில் வைத்திருங்கள். முடிந்ததும் குழாயை அறுக்கிற கை சோதனைக்கூடத்துக் கையாக இருக்கட்டும், மில்லிகிராமாகச் சுரண்டாமல் மொத்தத்தையும் கரையுங்கள். இந்த வழியில் 64 நிஜமாகவே வேறொன்றாக மாறி வந்தால், என் பிளாங்க் சுத்தமாக இருந்தால், நான் சாருக்கு முன்னால் போய் நின்று மாறிவிட்டது என்று சொல்வேன். அப்படி ஒரு நாள் வந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை.

சார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. "64-ஐப் போடச் சொல்றது நல்ல யோசனை" என்றார். "அது எப்படி இறங்கிச்சுங்கிற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லைப்பா. லுகானோவை நான் விட்டுடறேன்."

அந்தப் பச்சைக் கரைசல் இன்னும் என் ரேக்கில் இருக்கிறது, சின்னப் பிளாஸ்டிக் புட்டியில், தேதியும் எடையும் எழுதி. சார் அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது மெஷினில் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். போனை வைப்பதற்கு முன் அவர் கேட்டது வேறு. "சரி, நிக்கல் போகட்டும். 1989-இல டிராம்பேல பார்த்த ட்ரிட்டியத்துக்கு என்ன சொல்லப்போற? அது யாரோ வாங்கிட்டு வந்து போட்டதில்லையே."

அடுத்த ஞாயிறு வரை நேரம் கேட்டிருக்கிறேன்.